டைனமோ கொடுத்தால்தான் பாட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகாலை நாலரை மணி. என் அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஐந்தரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அவர் பேரன்தான் தன் சின்ன காரில் கூட்டிப்போவான். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி. அன்றைக்குச் சாவியைத் திருப்பினால் "டக்... டக்..." என்ற சத்தம் மட்டும் வந்தது. விளக்கு மங்கியது. வண்டி கிளம்பவில்லை. தெருமுனையில் ஆட்டோ வைத்திருப்பவரை எழுப்பி, அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றி அனுப்பினோம். முக்கால் மணி நேரம் தாமதம். அவருக்கு அடுத்து அந்த மெஷினுக்குக் காத்திருந்தவருக்கும் அதே தாமதம்.

காரணம் என்னவென்று பையனுக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. பத்து நாள் முன்புதான் டிக்கியில் ஆம்ப்ளிஃபயரும் பெரிய சப்-ஊஃபர் பெட்டியும் மாட்டியிருந்தான். ஆம்ப் மேல் "1000 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்தான்.

"தாத்தா, பெரிய பேட்டரி போட்டா சரியாயிடும்னு கடைக்காரர் சொல்றார். கூடவே ஒரு கெப்பாசிட்டரும் போடச் சொல்றார். போடலாமா?"

முப்பத்து நாலு வருஷம் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா "போடு", "வேண்டாம்" என்று சொல்லிவிட முடியுமா? "உட்காரு, ஒரு சரித்திரம் சொல்றேன்" என்றேன். பாவம், இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். காருக்குள் பாட்டு கேட்க மனிதர்கள் பட்ட பாடு முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது: இந்த வண்டி எவ்வளவு மின்சாரம் கொடுக்கும்?

பேட்டரி வந்தது பாட்டுக்கு இல்லை

முதலில் வந்த கார்களைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். முன்பக்கம் ஒரு இரும்புக் கைப்பிடி. எஞ்சின் பின்னால் உதைத்தால் மணிக்கட்டு முறியும். ஃபோர்டு மாடல் டி-யில் தொடக்கத்தில் பேட்டரியே கிடையாது. சக்கரத்தோடு சேர்ந்த காந்த ஏற்பாடுதான் தீப்பொறி கொடுத்தது. 1912-ல் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் கேடிலாக் காரில் வந்தது. அதற்காகத்தான் காரில் பேட்டரிக்கு நிரந்தர இடம் கிடைத்தது. பேட்டரி இருந்ததால் அதை நிரப்ப ஒரு டைனமோவும் வேண்டியிருந்தது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கார் பேட்டரியின் தொழில் இன்றைக்கும் அதுதான். சில விநாடிகள் நூறு ஆம்பியருக்கு மேல் கொடுத்து எஞ்சினைச் சுற்றி விடுவது. அதோடு அதன் முக்கிய வேலை முடிந்தது. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் சோறு போடுவது டைனமோ. இந்தக் காலத்தில் ஆல்டர்னேட்டர். பேட்டரி தன் சேமிப்பைத் திரும்ப நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இரண்டு பேட்டரியோடு ஒரு ரேடியோ

1920-களில் ரேடியோ வந்து ஊரையே பிடித்துக்கொண்டது. காரிலும் வேண்டும் என்று ஆசை. ஆனால் அப்போதைய ரேடியோ வால்வுகளால் ஆனது. வால்வுக்கு இரண்டு விதமான மின்சாரம் தேவை. உள்ளிருக்கும் இழையைச் சூடாக்கக் குறைந்த வோல்ட். அதைக் காரின் 6 வோல்ட் பேட்டரியே கொடுத்துவிடும். ஆனால் வால்வின் தகட்டுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்கு எங்கே போவது?

45 வோல்ட் உலர் பேட்டரிக் கட்டைகளை வரிசையாகக் கோத்து, காரின் தரைப் பலகைக்கு அடியில் பெட்டி கட்டி வைத்தார்கள். தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டும். செலவு தனி, தொந்தரவு தனி. போதாக்குறைக்கு ஸ்பார்க் பிளக்கின் ஒவ்வொரு பொறியும் ரேடியோவில் "கரகர"வென்று கேட்கும். பிளக் ஒயரில் மின்தடை, டைனமோவில் மின்தேக்கி என்று ஒவ்வொன்றாகப் போட்டு அந்த இரைச்சலை அடக்கினார்கள்.

1930-ல் சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வின் என்பவர் களத்தில் இறங்கினார். இரண்டு வருஷம் முன்பு தம்பி ஜோசப்புடன் சின்ன நிறுவனம் தொடங்கியவர். வீட்டு ரேடியோவை பேட்டரி இல்லாமல் கரண்டில் ஓடவைக்கும் கருவிதான் அவர்களின் முதல் சரக்கு. பொருளாதாரச் சரிவில் வியாபாரம் ஆட்டம் கண்டபோது, காருக்கான ரேடியோ செய்து தன் காரிலேயே மாட்டிக்கொண்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்குப் போனார். உள்ளே கடை போடப் பணம் இல்லை. வாசலில் காரை நிறுத்திச் சத்தமாகப் பாட வைத்தார். ஆர்டர் கிடைத்தது. மோட்டார் காரையும், அப்போது பிரபலமாயிருந்த விக்ட்ரோலா இசைப்பெட்டியின் வாலையும் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் மோட்டோரோலா. நாம் கைபேசியில் பார்த்த அதே பெயர்.

அந்த முதல் மாடல் 5டி71-இன் விலை 120 டாலரை ஒட்டி இருந்தது. அன்றைக்கு 500 டாலருக்குள் ஒரு சாதாரண ஃபோர்டு மாடல் ஏ காரே கிடைக்கும்! இந்த முயற்சியில் உடன் இருந்தவர்களில் ஒருவர் வில்லியம் லியர். பிற்பாடு லியர்ஜெட் விமானம் செய்தவர்.

கால்வினைப் பற்றி ஒரு கதையும் சொல்வார்கள். கடன் கேட்கப் போன இடத்தில், வங்கிக்காரரை மயக்க அவருடைய காரிலேயே ரேடியோவை மாட்டிக்கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்ததாம். கடன் கிடைக்கவில்லை. கதையில் எவ்வளவு உப்பு காரம் சேர்ந்ததோ! ஆனால் ஒயரை ஒழுங்காக இழுக்காவிட்டால் பாட்டுப் பெட்டி அடுப்புப் பெட்டி ஆகிவிடும் என்பதில் கற்பனை ஒன்றும் இல்லை.

வைப்ரேட்டர் என்ற வண்டு

1930-களின் தொடக்கத்தில் தரைக்கடியில் இருந்த பேட்டரிக் கட்டைகளுக்கு விடுதலை கிடைத்தது. வைப்ரேட்டர் என்ற சின்ன உருளை வந்தது. உள்ளே ஓர் இரும்பு நாக்கு, காலிங் பெல் மாதிரி விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் துடிக்கும். அதனால் பேட்டரியின் நேர்மின்சாரம் வெட்டி வெட்டிப் போகும். வெட்டிய மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மரில் விட்டால் வோல்ட் ஏறும். ஏறியதைத் திரும்ப நேர்மின்சாரமாக்கி வால்வுக்குக் கொடுத்தார்கள். ரேடியோ போட்டதும் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் கேட்கும். அது இந்த வைப்ரேட்டர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேஷத்தில் திரும்ப வரப்போகிறது.

வசதி வந்தது, ஆனால் பாரம் முழுக்கக் காரின் பேட்டரி மேல் விழுந்தது. இப்படிப்பட்ட ரேடியோ ஆறேழு ஆம்பியர் இழுக்கும். அந்தக் கால டைனமோ கொடுப்பதே பதினைந்து இருபது ஆம்பியருக்குள். ராத்திரி ஹெட்லைட் போட்டு, ரேடியோவும் போட்டு, மெதுவாகவும் ஓட்டினால் வரவை விட செலவு அதிகம். எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது டைனமோ ஒன்றுமே தராது. அப்போதெல்லாம் டைனமோவில் மூன்றாவது பிரஷ் ஒன்று இருக்கும். அதை நகர்த்தி வைத்தால் சார்ஜ் கூடும், குறையும். கோடைக்கு ஓர் அளவு, குளிருக்கு ஓர் அளவு என்று மெக்கானிக் திருகி வைப்பார். ரேடியோ மாட்டியவர் "கொஞ்சம் கூட்டி வையுங்கள்" என்பார். கூட்டி வைத்தால் பகலில் நெடுந்தூரம் ஓட்டும்போது பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். குறைத்தால் ராத்திரி காலியாகும்.

என் அக்கா பேரனின் பிரச்சினை தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய பிரச்சினை என்பது இப்போது புரிகிறதா?

6 வோல்ட் 12 ஆனது, வால்வு டிரான்சிஸ்டர் ஆனது

அடுத்த மாற்றம் வோல்ட்டில். 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸின் சில பெரிய கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. 1956-ல் ஃபோர்டும் கிரைஸ்லரும் மாறின. காரணம் ரேடியோ இல்லை. பெரிய எஞ்சினைச் சுற்ற 6 வோல்ட் திணறியது. ஆனால் லாபம் எல்லாருக்கும் கிடைத்தது. பத்தாம் வகுப்பில் படித்ததுதான்: திறன் என்பது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குவது. வோல்ட் இரண்டு மடங்கானால் அதே வேலைக்குப் பாதி ஆம்பியர் போதும். ஒயரில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே ஒயரில் இழப்பு நாலில் ஒன்றாகக் குறையும்.

அதைவிடப் பெரிய திருப்பம் 1955-ல் வந்தது. ஃபில்கோ நிறுவனம் முழுக்க டிரான்சிஸ்டராலான கார் ரேடியோவை அறிவித்தது. 1956 மாடல் கிரைஸ்லர், இம்பீரியல் கார்களில் 150 டாலர் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. இழையைச் சூடாக்க வேண்டாம், நூறு வோல்ட் வேண்டாம், வைப்ரேட்டர் வேண்டாம். இடையில் சில வருஷம், 12 வோல்ட்டிலேயே வேலை செய்யும் தனி வால்வுகளும் கடைசியில் ஒரு டிரான்சிஸ்டரும் சேர்ந்த கலப்பு ரேடியோக்களும் ஓடின. ஆறேழு ஆம்பியர் இழுத்த இடத்தில் ஓரிரு ஆம்பியர் போதும் என்றாயிற்று.

இந்த இடத்தில் பையனை நிறுத்தி ஒன்று சொன்னேன். இருபது வருஷம் டைனமோவோடு மல்லுக்கட்டிய பிரச்சினை தீர்ந்தது பெரிய டைனமோ போட்டதால் மட்டும் இல்லை. அதே பாட்டைக் குறைந்த மின்சாரத்தில் பாட வைத்ததால். நம் வீட்டில் வருமானம் கூடாத மாதம் என்ன செய்கிறோமோ, அதேதான்.

1960-ல் பிளிமத் வேலியன்ட் காரில் கிரைஸ்லர் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. மறு வருஷம் தன் மற்ற கார்களிலும். சிலிக்கன் டையோடு மலிவாகக் கிடைத்ததால் இது முடிந்தது. டைனமோவில் சுழலும் பாகத்திலிருந்து முழு மின்சாரமும் பிரஷ் வழியே வர வேண்டும். வேகமாகச் சுற்றினால் தேய்ந்து போகும். ஆல்டர்னேட்டரில் வெளியே நிற்கும் பாகத்திலிருந்தே எடுத்துவிடலாம். அதனால் சின்னக் கப்பி போட்டு வேகமாகச் சுற்றலாம். எஞ்சின் சும்மா ஓடும்போதும் ஓரளவு சார்ஜ் ஏறும். நம் ஊர் டாக்சி ஸ்டாண்டில் பழைய அம்பாசடர் ஓட்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். டைனமோ வண்டியில் ராத்திரி நெரிசலில் நின்றால் ஹெட்லைட் மங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிரகாசிக்கும்.

"50 வாட் × 4" எங்கிருந்து வந்தது?

ஃபிலிப்ஸ் 1963-ல் கேசட்டைக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கேசட் காருக்குள்ளும் வந்துவிட்டது. பாட்டு நம் கைக்கு வந்ததும் இன்னும் சத்தம், இன்னும் பாஸ் என்று ஆசை. ஆனால் 12 வோல்ட் ஒரு கூரை போட்டுவிட்டது.

கணக்குப் பாருங்கள். ஓடும் காரில் அதிகபட்சம் 14.4 வோல்ட். சாதாரண ஆம்ப் ஸ்பீக்கரை நடுப்புள்ளியிலிருந்து மேலே 7 வோல்ட், கீழே 7 வோல்ட்தான் ஆட்ட முடியும். நாலு ஓம் ஸ்பீக்கரில் இது ஆறு வாட். நம் ஊர் கேசட் பிளேயர்களில் ரிப்பேர்க்காரர்கள் மாற்றி மாற்றிப் போட்ட டி.டி.ஏ. 2003 என்ற ஐந்து கால் ஐ.சி. நினைவிருக்கிறதா? அதன் தாளிலேயே நாலு ஓமுக்கு ஆறு வாட், இரண்டு ஓமுக்குப் பத்து வாட் என்றுதான் போட்டிருக்கும். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வந்த பிறகு நம் தெருக்களில் ஓடிய எத்தனையோ சின்ன கார்களில், பின் கண்ணாடியை ஒட்டிய பலகையில் இரண்டு ஸ்பீக்கர், முன்னால் ஒரு கேசட் பிளேயர். ஆறேழு வாட்தான். கல்யாணத்துக்குப் போகிற வழியெல்லாம் பாட்டு கேட்டோம். யாரும் குறைப்படவில்லை.

அடுத்த யுக்தி: ஒரு ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் இரண்டு ஆம்ப் எதிரெதிராகத் தள்ளி இழுப்பது. பிரிட்ஜ் முறை. ஆட்டம் இரண்டு மடங்கு, திறன் நாலு மடங்கு. நாலு ஓமில் சுத்தமாகக் கிடைப்பது இருபது வாட் சொச்சம். அப்படியானால் பெட்டி மேல் "50 வாட் × 4" என்று எப்படிப் போடுகிறார்கள்? 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி நாலால் வகுங்கள். 51.84. அதாவது, பேட்டரியையே நேராக ஸ்பீக்கரில் மாற்றி மாற்றி வைத்தால் வரும் எண். அது பாட்டு இல்லை, வெறும் அலறல். விளம்பரத்தில் அது வாட். காதுக்கு அது பாதிக்கும் கீழே.

இந்தக் கூரையை உடைக்க 1970-களிலிருந்து தனி ஆம்ப்ளிஃபயர்கள் வந்தன. எப்படி உடைத்தார்கள்? 12 வோல்ட்டை வெட்டி வெட்டி, டிரான்ஸ்ஃபார்மரில் விட்டு, வோல்ட்டை ஏற்றி... ஆமாம், அதே வைப்ரேட்டர்! இரும்பு நாக்குக்குப் பதில் டிரான்சிஸ்டர். நூறு தடவைக்குப் பதில் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை. வண்டு காதுக்கு எட்டாத சுருதிக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் வோல்ட்டை ஏற்றினால் அந்தத் திறன் எங்கிருந்தோ வர வேண்டுமே? ஆம்பியராகக் காரின் பேட்டரியிலிருந்துதான் வரும். அமெரிக்காவில் சத்தப் போட்டிகளுக்குப் போன கார்களில் இரண்டு மூன்று ஆல்டர்னேட்டரும் டிக்கி நிறைய பேட்டரியும் வைத்தார்கள். அந்தக் கார்கள் பால் வாங்கப் போவதில்லை, டயாலிசிஸுக்கும் போவதில்லை.

"அப்போ காரோட வோல்ட்டையே ஏத்திட்டா என்ன தாத்தா?" என்றான். நல்ல கேள்வி. 2000-ஐ ஒட்டி 42 வோல்ட்டுக்குப் போகலாம் என்று கார் நிறுவனங்கள் கூடிப் பேசின. பல்பு முதல் ரிலே வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், செலவு கட்டாது என்று கைவிட்டார்கள். இப்போது சில புதிய கார்களில் 48 வோல்ட் வருகிறது. ஆனால் நம் தெருவில் நிற்கும் சின்ன கார் இன்னும் 1950-களின் 12 வோல்ட்டில்தான் இருக்கிறது.

பையனின் காருக்கு வரவு செலவு

சரித்திரம் முடிந்ததும் பேப்பரும் பேனாவும் எடுத்தோம். அவன் கார் ஆல்டர்னேட்டரில் ஒட்டியிருந்த தகடு சொன்னது 50 ஆம்பியர். பேட்டரி 35 ஆம்பியர்-மணி.

மழை பெய்யும் ராத்திரியில் செலவு: எஞ்சினின் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்ஷன், இக்னிஷன் எல்லாம் சேர்த்து 9 ஆம்பியர். ஹெட்லைட் இரண்டு 55 வாட் பல்புக்கு 8. பின்விளக்கு, மீட்டர் விளக்கு 2. ஏசி காற்றாடி 6, ஏசி கிளட்ச் 3. ரேடியேட்டர் ஃபேன் 8. வைப்பர் 3. கூட்டினால் 39. இவை வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் ஏறக்குறைய இப்படித்தான். மிச்சம் 11. அதில் பேட்டரி நிரம்ப ஐந்தாவது விட்டுவைக்க வேண்டும். பாட்டுக்கு மிஞ்சுவது சராசரி 6 ஆம்பியர். இதுவும் வண்டி ஓடும்போதுதான். சிக்னலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் பாதி கொடுத்தாலே பெரிது. அப்போது பேட்டரிதான் கைக்காசு போடுகிறது.

அந்த "1000 வாட்" ஆம்ப்பைத் திருப்பிப் பார்த்தோம். 25 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. 25-ஐ 13.8-ஆல் பெருக்கினால் 345 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் வெளியே ஆயிரம் எப்படி வரும்? பழைய ஏபி வகை ஆம்ப். பாதிக்கு மேல் கொஞ்சம்தான் பாட்டாக மாறும், மீதி சூடு. நிஜத்தில் இருநூறு வாட்டை எட்டினால் அதிகம். வாட்டை நம்பாதே, ஃபியூஸைப் பார் என்பதைப் பையன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

பிறகு மல்டிமீட்டரை எடுத்து, வண்டியைப் பூட்டிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி இடையில் வைத்தேன். பூட்டிய வண்டி 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. மீட்டர் காட்டியது 0.8 ஆம்பியர்! ஆம்ப்பை எழுப்பும் நீல நிற ஒயரை, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இடத்தில் கொடுக்காமல், எப்போதும் உயிருள்ள இடத்தில் கொடுத்திருந்தார்கள். ராத்திரி பூரா ஆம்ப் தூங்காமல் விழித்திருக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 10 ஆம்பியர்-மணி. ஏற்கெனவே ஊருக்குள் குறுகிய ஓட்டம், எஞ்சினை அணைத்துவிட்டு நண்பர்களோடு பாட்டு. பாதி நிரம்பிய பேட்டரியிலிருந்து இதுவும் போனால் செவ்வாய் விடிகாலையில் என்ன மிஞ்சும்?

இனி அவன் கேள்விக்கு வருவோம். பெரிய பேட்டரி? மொட்டை மாடித் தொட்டியைப் பெரிதாக்கினால் மோட்டார் கூடத் தண்ணீர் இறைக்காது. ஒரு நாள் தாமதமாகத் தீரும், நிரம்பவும் தாமதமாகும். கெப்பாசிட்டர்? ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது தருவது 26 ஜூல். 500 வாட் இழுக்கும் ஆம்ப்புக்கு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம். ஒரு தாளத்தட்டுக்குக் கைகொடுக்கும். காலியான பேட்டரிக்கு ஒன்றும் செய்யாது.

என்ன செய்தோம்

1955-இல் செய்ததைத்தான் செய்தோம். செலவைக் குறைத்து அதே பாட்டை வாங்கினோம்.

முதலில் ஸ்பீக்கர். ஸ்பீக்கர் பெட்டியில் சென்சிட்டிவிட்டி என்று டெசிபலில் ஓர் எண் இருக்கும். யாரும் பார்ப்பதில்லை. 3 டெசிபல் கூடினால் ஆம்ப்பின் வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். 87 இருந்த இடத்தில் 90, 91 உள்ள ஸ்பீக்கரை முன் கதவுகளில் போட்டான். ஒரு ஆம்பியர்கூடச் செலவில்லாமல் சத்தம் இரட்டிப்புத் திறனுக்கு ஈடாகக் கிடைத்தது.

இரண்டாவது கதவு. கதவுத் தகட்டில் ஓட்டைகள் இருந்தால் ஸ்பீக்கரின் பின்பக்க அலை முன்னால் வந்து பாஸை அழித்துவிடும். அதிர்வு அடக்கும் ஷீட் வாங்கி ஓட்டைகளை மூடினோம். கீழே தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் விட்டுவிட வேண்டும்; இல்லாவிட்டால் கதவு துருப்பிடிக்கும்.

மூன்றாவது ஆம்ப். பழையதை விற்றுவிட்டு மொத்தம் 200 வாட்டுக்குள் உள்ள சின்ன டி-வகை ஆம்ப். சீட்டுக்கடியில் எட்டு அங்குல சப்-ஊஃபர். டி-வகையில் இழுப்பதில் எண்பது சதவீதம் போலப் பாட்டாகிறது. பாட்டு என்பது உச்சத்திலேயே நிற்பதில்லை. சராசரி, உச்சத்தில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்கிடுவார்கள். 200-இல் 25 வாட். ஆம்ப் தன் செலவையும் சேர்த்து இழுப்பது சராசரி மூன்று ஆம்பியர் சொச்சம். பாஸ் அதிகமுள்ள பாட்டானாலும் ஆறுக்குள் நிற்கும். வரவுக்குள் செலவு.

நாலாவது ஒயர். பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 20 ஆம்பியர் போனால் ஒரு பக்கத்திலேயே 0.4 வோல்ட்டுக்கு மேல் இறங்கும். 10 சதுர மில்லிமீட்டரில் 0.2-க்குக் கீழே. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு ஒயர் வேண்டாம், அதன் மின்தடை ஒன்றரை மடங்கு. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் ஆம்ப்பைக் காக்க இல்லை. ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் கார் எரியாமல் காக்க. கால்வின் கதையை மறக்காதீர்கள். நீல ஒயரைச் சாவியோடு சேர்த்தோம். பெயின்டைச் சுரண்டிச் சுத்தமான தகட்டில் எர்த் கொடுத்தோம்.

எல்லாம் முடிந்து மறுபடி மீட்டரை வைத்தேன். பூட்டிய வண்டியில் 30 மில்லி ஆம்பியர். காலையில் பேட்டரி 12.6 வோல்ட். பழைய பேட்டரியே போதும்.

பையனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நண்பன் கார் மாதிரி தெருக்கோடி வரை அதிரவில்லையாம். "உள்ள உக்காந்து கேளுடா, தெருவுக்கா பாடுறே?" என்றேன். சிரித்தான்.

நேற்று செவ்வாய். நாலரை மணிக்கு முதல் சாவியிலேயே கிளம்பியது. நானும் கூடப் போனேன். அக்கா முன் சீட்டில். போகும் வழியில் பழைய பாட்டு ஒன்றை மெதுவாக வைத்தான். கொஞ்ச தூரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார், "இதுல வயலின் தனியாக் கேக்குதுடா தம்பி. அந்த டம்டம் பெட்டியில ஒண்ணுமே கேக்கல."

"அப்பாயி, அது 1000 வாட்" என்றான் பேரன்.

"இருக்கட்டுமே. அன்னைக்கு வண்டி கெளம்பலையே!"

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காரில் பாட்டுப் பெட்டி மாற்றப் போகிறார்கள் என்றால், கடைக்குப் போகும் முன் ஆல்டர்னேட்டர் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். டைனமோ காலத்து அம்பாசடரில் ரேடியோ கேட்ட அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். எனக்கும் பேரனுக்கும் கேட்க ஆசை.